களிமண் மனையில் வீடு: தனி ஃபூட்டிங்கா, அண்டர்ரீம்டு பைலா, ராஃப்ட்டா?

பல்லடம் பக்கம் மனை வாங்கிய ஒருவர் போன மாதம் இரண்டு எஸ்டிமேட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றில் ஐந்தடி ஆழத்தில் 12 ஃபூட்டிங், அதாவது ஒவ்வொரு தூணுக்கும் அடியில் தனித்தனியாக வைக்கும் காங்கிரீட் பாதம். மற்றொன்றில் 24 பைல், அதாவது நிலத்தில் ஆழமாகத் துளையிட்டுக் காங்கிரீட் நிரப்பும் தூண். "பைல் எல்லாம் அபார்ட்மென்ட் கட்டுறவங்களுக்குத்தானே சார்? நான் கட்டப்போறது கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு. பக்கத்து மனையில அஞ்சடியில போட்டது நாலு வருஷமா நல்லாத்தானே நிக்குது?" என்று கேட்டார்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கு இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது வரும். கூடவே, "ராஃப்ட் போட்டா எல்லாப் பிரச்சினையும் தீந்துடுமாமே?" என்பதும் வரும். ராஃப்ட் என்பது வீட்டின் அடி முழுவதும் போடும் ஒரே காங்கிரீட் தளம். மூன்றையும் ஒருசேர எடை போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். களி என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பது குணத்தில் நேரெதிரான இரண்டு மண்களை.

கோவில்பட்டி, விளாத்திகுளம், பல்லடம் பக்கத்துக் கரிசல், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், நனைந்தால் வீங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துக் களி ஆண்டு முழுக்க நனைந்தே கிடக்கும். அது வீங்குவதில்லை. மேலே பாரம் ஏறினால் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமுங்கும். கரிசலில் வீடு தூக்கப்படுகிறது, சதுப்பில் வீடு இறங்குகிறது. முதலாவதற்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

## எதை வைத்து முடிவு செய்வது

மண் வீங்குமா? இதற்கான சோதனை மிக எளியது. கூடத்தில் அடிக்கடி செய்வோம். அடுப்பில் உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடிகளில் போடுவோம். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் ஜாடியில் மண் போட்டபடியே அடியில் படிந்திருக்கும். தண்ணீர் ஜாடியில் புளித்த மாவு மாதிரி உப்பி மேலேறியிருக்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 19 மில்லி என்றால் வீக்கக் குறியீடு 90 சதவீதம். ஐ.எஸ். 1498 என்ற இந்தியத் தரநிலைக் கணக்கில் 50-க்குக் கீழே பெரிய கவலை இல்லை. 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் ஆபத்து, 200-ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் வீடு கட்டுபவர்கள் கையில் வைத்திருக்கும் சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் இந்த வரியே இருப்பதில்லை. 'தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 15 டன்' என்ற ஒற்றை எண்ணோடு முடிந்துவிடுகிறது. காய்ந்த கரிசல் கல் மாதிரி இறுகியிருக்கும், தாங்குதிறன் தாராளமாக வரும். அந்த எண்ணை நம்பி மேலாகவே ஃபூட்டிங் போட்டவர்கள்தான் முதல் நல்ல மழைக்குப் பிறகு விரிசல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

களி எவ்வளவு ஆழம்? மேலே ஒன்றரை மீட்டர் கரிசல், அதன் கீழே சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்), பிறகு நொறுங்கிய பாறை என்று கோவை வட்டாரத்தில் பல மனைகளில் வரும். ஐந்தாறு மீட்டர் போட்டும் களி முடியாத மனைகளும் உண்டு. வெயிலும் மழையும் மண்ணின் ஈரத்தை மாற்றுவது ஓர் ஆழம் வரைதான். கனத்த கரிசலில் அதைச் சுமார் மூன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குக் கீழே மண் அசைவதில்லை.

தண்ணீர் எந்த மட்டத்தில்? ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு மேலே வருகிறது என்று அக்கம்பக்கத்துக் கிணற்றைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளுங்கள். சித்திரையில் எடுத்த ரிப்போர்ட் இதைச் சொல்லாது.

வீட்டின் எடை. வீடு லேசாக இருந்தால் அஸ்திவாரமும் லேசாகப் போதும் என்பது செம்மண்ணுக்குச் சரி, கரிசலுக்குச் சரியில்லை. மண் மேல்நோக்கித் தள்ளும்போது அதை அமுக்கிப்பிடிக்க எடை வேண்டும். பத்து மாடிக் கட்டடம் அதைத் தானாகவே செய்துவிடும். ஒரு தள வீட்டுக்கு அந்தப் பலம் இல்லை. பல்லடத்துக்காரரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: பைல் உங்கள் வீட்டைத் தாங்குவதற்காக மட்டும் இல்லை, கீழே பிடித்து வைப்பதற்காகவும்தான்.

செய்யத் தெரிந்த ஆள். தாளில் எவ்வளவு நல்ல அஸ்திவாரமாக இருந்தாலும், செய்து பழகிய குழு உங்கள் ஊரில் இல்லையென்றால் அது நல்ல தேர்வு ஆகாது.

## தனி ஃபூட்டிங்

நம் மேஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. ஜேசிபி உண்டு, கம்பி கட்டுபவர் உண்டு, தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். குழிக்குள் இறங்கி மண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. களி எங்கே முடிந்து சுக்கான் எங்கே தொடங்குகிறது என்பது மண் எடுக்கப் போர் (துளை) போட்ட இடத்தில் ஒன்றாகவும் நான்கு காலம் (தூண்) தள்ளி வேறாகவும் இருக்கும். திறந்த குழிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

களி இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிட்டால் இதுவே சிறந்தது. களியைக் கடந்து கீழே கெட்டியான மண்ணில் உட்காரவைத்தால் போதும். ஐந்தடி, ஆறடி என்று முன்கூட்டியே ஆழத்தை எழுதிவைப்பதில் அர்த்தமில்லை. மண் மாறும் இடம்தான் ஆழம்.

களி அதற்கும் கீழே போகும்போது மறைந்திருக்கும் செலவுகள் வெளியே வரும். ஒரு கணக்குப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் சதுர ஃபூட்டிங்கை மூன்று மீட்டர் ஆழத்தில் வைக்க, வேலை செய்ய இடம்விட்டு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலத்தில் தோண்டவேண்டும். ஒரு குழிக்கு 13 கனமீட்டர், 12 குழிக்கு ஏறக்குறைய 160 கனமீட்டர் மண். தோண்டும் கூலி எஸ்டிமேட்டில் இருக்கும். அந்த மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் செலவும், பதிலாக நல்ல கிராவல் வாங்கி அடுக்கடுக்காகத் திமிசு போடும் செலவும் பெரும்பாலும் இருக்காது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கங்களில் முட்டு கொடுக்கவேண்டும். காய்ந்த கரிசல் செங்குத்தாக நிற்பதைப் பார்த்து யாரும் கொடுப்பதில்லை. வெடிப்பு வழியே ஒரு மழை இறங்கினால் பக்கம் முழுதாகச் சரியும். கீழே கம்பி கட்டிக்கொண்டிருப்பது ஒரு மனிதர். முட்டுக்கான செலவைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபூட்டிங்குக்குக் கீழே மணலை நிரப்பினால் வீக்கத்தை அது வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. களிக்குள் தோண்டிய குழியில் மணலை நிரப்புவது தொட்டி கட்டித் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். மழைநீர் மணலுக்குள் சுலபமாக இறங்கும், சுற்றிலும் களி இருப்பதால் வெளியேறாது, வாரக்கணக்கில் நின்று அடிக்களியை ஊறவைக்கும். ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி செய்த ஆராய்ச்சி வேறு வழியைக் காட்டியது. மணலுக்குப் பதிலாக, வீங்காத ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு இறுக்கிப் போட்டால் கீழுள்ள கரிசலின் வீக்கம் பெரிதும் அடங்கிவிடுகிறது. கால்வாய்க் கரைகளுக்காக வளர்ந்த முறை இது. நம் ஊரில் நல்ல கிராவல் செம்மண் இதற்குப் பொருந்தும். அதையும் குறியீட்டுச் சோதனை செய்துவிட்டே வாங்குங்கள். செம்மண் நிறத்தில் வரும் எல்லாமே வீங்காத மண் என்று சொல்ல முடியாது.

## அண்டர்ரீம்டு பைல்

கரிசலில் சிறு வீடுகளுக்கென்றே ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை. 300 மி.மீ. விட்டத்தில் மூன்றரை மீட்டருக்குக் குறையாமல் துளையிட்டு, அடியருகே விரியும் கத்தியால் 750 மி.மீ. அகலத்துக்குக் குடைவார்கள். காங்கிரீட் நிரம்பியதும் நிலத்துக்குள் வெங்காயத் தாள் மாதிரி ஒல்லியான தண்டும் அடியில் குமிழும் கிடைக்கும். குமிழ் உட்கார்ந்திருப்பது அசையாத மண்ணில். மேலே கரிசல் தண்டைப் பற்றி இழுத்தாலும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் கம்பி மேலிருந்து அடிவரை முழு நீளத்துக்கும் போகவேண்டும். பாதியோடு நிறுத்தினால் மண் இழுக்கும்போது அந்த இடத்தில் பைல் இரண்டாக அறும்.

ஐ.எஸ். 2911-இன் மூன்றாம் பகுதியிலுள்ள அட்டவணை நடுத்தர இறுக்கமுள்ள மண்ணில் இந்த அளவுப் பைலுக்கு 16 டன் தருகிறது. கீழும் மேலுமாக இரு தளம் என்றால் ஒரு காலத்துக்கு 25 முதல் 30 டன் வரலாம். ஆக இரண்டு பைல். பல்லடத்துக்காரரின் 24 வந்தது இப்படித்தான். 24 பைலுக்கும் காங்கிரீட் எவ்வளவு தெரியுமா? ஒன்றுக்கு 0.32 கனமீட்டர், மொத்தமே 8 கனமீட்டருக்குள். பைல்களின் தலைமேல் வரும் பைல் கேப், அவற்றை இணைக்கும் கிரேடு பீம் தனி. பைல் என்ற பெயரைக் கேட்டு மிரள்பவர்கள் இந்த 8-ஐ அந்த 160-க்கு எதிரில் வைத்துப் பார்க்கவேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: குமிழ் கண்ணுக்குத் தெரியாது. கத்தி முழுதாக விரிந்ததா என்பதைக் கருவியின் கைப்பிடி எவ்வளவு கீழிறங்கியது என்று அளந்து அறியலாம். வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை இன்னும் எளிது. நேர்த்துளை மட்டும் என்றால் 0.25 கனமீட்டர் காங்கிரீட் பிடிக்கும், குமிழ் இருந்தால் 70 லிட்டர் கூடுதலாகப் போகும். ஒவ்வொரு துளைக்கும் எத்தனை சட்டி போனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு வேலையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட நான்கு துளைகளில் சட்டிக் கணக்குக் குறைந்தது. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தபோது அடுத்திருந்த, இன்னும் காங்கிரீட் போடாத துளையிலும் குமிழே இல்லை. கத்தியின் ஒரு கை வளைந்து விரியாமல் நின்றுவிட்டிருந்தது. குழுவில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அந்த நான்குக்குப் பக்கத்தில் புதிதாக நான்கு போடவேண்டி வந்தது.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. பைல்களை இணைக்கும் கிரேடு பீமுக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 80 மி.மீ. வெற்றிடம் வேண்டும். பீமை மண் மேலேயே பலகை வைத்து ஊற்றினால், வீங்கும் கரிசல் பீமைத் தள்ளும். பைலுக்குப் போட்ட பணம் அத்தனையும் வீண். இடைவெளியைக் கண்ட கொத்தனார் 'சந்து' என்று நினைத்து அடைத்துவிடுவார். பக்கத்திலேயே நின்று தடுங்கள்.

தண்ணீர் மேலாக நிற்கும் இடத்திலும், இடையில் தளர்ந்த மணல் வரும் இடத்திலும் குமிழ் நிற்காது, சரிந்துவிடும். பென்டோனைட் என்னும் களிக் கரைசல் ஊற்றிப் பிடிக்கலாம்தான். ஆனால் அதற்கான ஏற்பாட்டோடு சிறு வீட்டுக்கு வரும் குழு அபூர்வம். குமிழ்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கவும் கூடாது. 750 மி.மீ. குமிழுக்கு மையத்திலிருந்து மையம் ஒன்றரை மீட்டர் விடுவது வழக்கம். இருபதடி அகல மனையில் எல்லையோரக் காலங்களுக்கு இது தலைவலி.

## ராஃப்ட்

வீட்டின் அடி முழுவதும் ஒரே தளமாகக் காங்கிரீட். பாரம் பரவுகிறது. ஓரிடத்தில் மண் இளகினாலும் இந்தக் காங்கிரீட் பலகை பாலம்போல் கடந்துவிடும். அமுங்கும் களிக்கு ஏற்ற மருந்து. ஐ.எஸ். 1904 இளகிய களியில் தனி ஃபூட்டிங்குக்கு 75 மி.மீ. வரை இறக்கத்தை அனுமதிக்கும்போது ராஃப்ட்டுக்கு 100 மி.மீ. வரை விடுவது, வீடு ஒட்டுமொத்தமாகச் சேர்ந்து இறங்கும் என்பதால்தான். இறங்குவது விரிசலைத் தராது, ஏறுக்கு மாறாக இறங்குவதே தரும்.

கரிசலில் கதை வேறு. மேலே மூடிய ராஃப்ட்டுக்கு அடியில் வெயில் படாது, ஈரம் ஆவியாகாது. ஓரிரு ஆண்டில் நடுவில் ஈரம் சேர்ந்து மண் மேடாக எழும், ஓரங்கள் கோடையில் சுருங்கித் தாழும். பலகை கவிழ்த்த கிண்ணம்போல் வளையப் பார்க்கும். மழைக்காலத்தில் ஓரம் எழும்பி அதற்கு நேரெதிராக வளையும். இதைத் தாங்க ஆழமான விட்டங்களோடு விறைப்பான ராஃப்ட் வேண்டும். ஆஸ்திரேலியாவில் வீடுகளுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். மனை எத்தனை மி.மீ. ஏறி இறங்கும் என்று கணக்கிட்டு வகை பிரித்து, அந்த வகைக்கு விட்ட ஆழம் இவ்வளவு என்று அவர்களின் ஏ.எஸ். 2870 தரநிலை வகுத்திருக்கிறது. நம் ஊரில் ராஃப்ட் என்று போடப்படுவது பெரும்பாலும் ஒரே கனமுள்ள தட்டையான பலகை. கரிசலுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காங்கிரீட்டும் கம்பியும் இங்கேதான் அதிகம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஓரம் நீட்டி 110 சதுர மீட்டர், 300 மி.மீ. கனம் என்றால் 33 கனமீட்டர். தண்ணீர் மேலாக நிற்கும் மனையில் இரவும் பகலும் மோட்டார் ஓட்டி இறைக்கவேண்டும். கழிவுநீர்க் குழாய்கள் பலகைக்கு அடியில் போய்விட்டால் பின்னாளில் கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் பெரும்பாடு. குழாய்களைச் சுவரோரமாக வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

சதுப்போர மனைகளில் ராஃப்ட்டையும் தோற்கடிக்கும் ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் தென்பகுதியில் மனையைச் சாலைக்கு மேலே உயர்த்துவது கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மீட்டர் மண் கொட்டினால் சதுர மீட்டருக்குச் சுமார் மூன்றரை டன். ஒரு தள வீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை டன். வீட்டைவிட நிரப்பிய மண்தான் அடிக்களியை அதிகம் அமுக்குகிறது. கொட்டிய கையோடு வீட்டைக் கட்டினால் அந்த இறக்கம் முழுவதும் வீட்டோடு சேர்ந்தே நடக்கும். முதலில் நிரப்பிவிட்டு, இரண்டு மழைக்காலமாவது விட்டுவைத்து, பிறகு ராஃப்ட் போடுவது நல்லது. காத்திருக்க முடியாதவர்கள் களியைத் தாண்டிக் கெட்டி மண் வரை போகும் நீளமான நேர் பைலுக்குச் செலவழிக்கத்தான் வேண்டும். மூன்றரை மீட்டர் அண்டர்ரீம்டு பைல் அங்கே உதவாது. களியோடு சேர்ந்து அதுவும் இறங்கும்.

## ஒரே பார்வையில்

| | தனி ஃபூட்டிங் | அண்டர்ரீம்டு பைல் | ராஃப்ட் |
|---|---|---|---|
| ஏற்ற மண் | 2 மீட்டருக்குள் முடியும் களி | ஆழமான, வீங்கும் கரிசல் | ஈரமான, அமுங்கும் களி |
| நிலத்தடி நீர் மேலே இருந்தால் | தோண்டுவது கடினம் | தவிர்க்கலாம் | இறைத்துவிட்டுச் செய்யலாம் |
| காங்கிரீட் (12 காலம் உள்ள வீடு) | சுமார் 11 கனமீட்டர், காலம் தனி | சுமார் 8 கனமீட்டர், கேப்பும் பீமும் தனி | சுமார் 33 கனமீட்டர் |
| எஸ்டிமேட்டில் வராத செலவு | மண் அகற்றுவது, கிராவல், முட்டு | மேற்பார்வை, தவறிய துளைகள் | நீர் இறைப்பு, காத்திருக்கும் காலம் |
| ஆள் கிடைப்பது | எங்கும் | தேடவேண்டும் | நகரங்களில் எளிது |
| தவறு கண்ணில் படுமா | படும் | படாது | ஓரளவு |

## எஸ்டிமேட்டில் யாரும் கேட்காத தரை

ஃபூட்டிங், பைல் இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், தரை தனியாக மண்மேல்தான் கிடக்கிறது. ஃபூட்டிங் சதுர மீட்டருக்கு 13 டன் அமுக்கும்போது, காங்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்த தரை அரை டன்கூட அமுக்குவதில்லை. கரிசல் முதலில் தூக்குவது தரையைத்தான். கதவு அடியில் உரசும், டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும், உள்சுவர் தரையோடு சேரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல் விடும். "பைல் போட்டும் விரிசல்" என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய கரிசலை வெளியே கொண்டுபோகும் செலவைத் தவிர்க்க, அதையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பிவிடுகிறார்கள். காய்ந்த கட்டிகளாக உள்ளே போகும் மண், குளியலறைக் குழாய் கசியத் தொடங்கியதும் வீங்குகிறது. தரைக்குக் கீழே ஒரு மீட்டருக்காவது கிராவலை ஒன்பது அங்குல அடுக்குகளாகத் தண்ணீர் விட்டுத் திமிசு போடுங்கள். மிகவும் வீங்கும் மண்ணென்றால் கிரேடு பீம் மேலேயே தரையை மண்ணைத் தொடாத தொங்குதளமாகப் போட்டுவிடுவது நிம்மதி. வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரியும் காங்கிரீட் தளம் கட்டாயம். உறிஞ்சுகுழியைச் சுவரோரம் வைக்காதீர்கள். வேப்பமரம் ஆசைதான். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். கோடையில் அதன் வேர் அஸ்திவாரத்தடி ஈரத்தை உறிஞ்சி அந்த ஒரு மூலையை மட்டும் தாழ்த்திவிடும்.

## யாருக்கு எது

பல்லடம் மனையில் இரண்டு இடத்தில் போர் போட்டோம். ஒன்றில் 1.8 மீட்டரில் சுக்கான் வந்தது. மற்றதில் 4 மீட்டருக்கும் களி, குறியீடு 110. மனை ஒன்றுதான், மண் இரண்டு. பாதி ஃபூட்டிங், பாதி பைல் என்று கலந்து போட்டால் இரு பாதியும் வெவ்வேறு விதமாக அசையும், அந்தச் சேர்க்கையை நான் ஒப்புக்கொள்வதில்லை. தண்ணீர் ஆழத்தில்தான் இருந்தது. எல்லாத் தூண்களுக்கும் பைல் என்றே எழுதிக்கொடுத்தேன். சுக்கான் மேலே வரும் பக்கத்தில் துளையிடக் கூலி கூடுதலாகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

இரு போரிலும் 1.8 மீட்டரிலேயே சுக்கான் வந்திருந்தால் யோசிக்காமல் ஃபூட்டிங் என்றிருப்பேன், அவருக்குக் கணிசமான பணம் மிச்சம். கோவில்பட்டிப் பக்கம் ஆழமான கரிசலில் கட்டுபவர்கள் பைல் குழுவைத் தேடும் அலைச்சலுக்குத் தயாராகுங்கள். பள்ளிக்கரணைப் பக்கம் நிரப்பிய மனையென்றால் எந்த ஆண்டு நிரப்பினார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

அவர் கிளம்பும்போது, "அப்போ பக்கத்து வீடு நாலு வருஷமா நிக்குதே சார்?" என்று மறுபடி கேட்டார். போகிற வழியில் அவர்கள் வீட்டுப் பின்கதவு சரியாகச் சாத்துகிறதா என்று விசாரிக்கச் சொன்னேன். இரவில் போன் செய்தார். போன கார்த்திகையில் தச்சரைக் கூப்பிட்டு அடியில் இழைத்துவிட்டார்களாம்.